எந்தப் புரொசசர் பூட்டலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேமிங் கொம்பியூட்டரை வீட்டிலேயே பூட்டுவது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எங்கும் தரவில்லை. கடையில் நிற்கும்போது எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறேன். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட் எடுப்பதென்று முடிவு. மொனிட்டர் 1080பி, 75 ஹேர்ட்ஸ். ரைசன் 5 5600 போடுவதா, இன்டெல் ஐ5-12400எஃப் போடுவதா? கடையில் "ஐ7 போட்டால்தான் கேம் ஓடும்" என்கிறார்கள்.
— ஒரு மாணவர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஐ7 தேவையில்லை. கேமில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, கார் எந்தப் பக்கம் சறுக்குகிறது என்ற கணக்கையெல்லாம் புரொசசர் பார்த்துக் கொடுக்கிறது. அதை வைத்துப் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. இந்த இரண்டில் எது பிந்துகிறதோ, அதன் வேகம்தான் கேமின் வேகம். 1080பியில் படத்தரத்தைக் கூட்டி விளையாடினால் ஆர்எக்ஸ் 6600 தான் பெரும்பாலும் முதலில் மூச்சு வாங்கும். 5600உம் 12400எஃப்உம் அதற்குத் தாராளமாக வேலை கொடுத்துவிடும். அதற்கு மேலான புரொசசருக்குக் கொடுக்கும் காசு திரையில் தெரியாது. உங்கள் மொனிட்டர் செக்கனுக்கு 75 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் காட்டவும் போவதில்லை.

இரண்டுக்கும் 6 கோர் (கணக்குப் பார்க்கும் தனித்தனி மூளை), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் இல்லாமல் திரையில் படம் வராது. பெட்டியில் வாங்கினால் இரண்டோடும் கூலர் வரும். கேமில் இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆகவே புரொசசரின் விலையைத் தனியாகக் கேட்காதீர்கள். "புரொசசர், போர்ட், ரேம் மூன்றும் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். புரொசசர் மலிவாக இருந்து போர்ட் (எல்லாவற்றையும் பூட்டும் மதர்போர்ட்) விலையில் அடிபடுவது அடிக்கடி நடக்கிறது.

12400எஃப்க்கு எச்610 போர்ட் போதும். ஆனால் அதில் ரேம் பூட்ட இரண்டு இடம்தான் இருக்கும். வாங்கும்போது டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டா என்று பெட்டியில் பாருங்கள். இரண்டு வகையும் வருகிறது, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. 5600க்கு பி550 நல்லது. ஏ520உம் ஓடும், ஆனால் அதில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தரவு போகும் பிசிஐஇ பாதை பழைய, வேகம் குறைந்த 3.0 தான். ஆர்எக்ஸ் 6600க்கு அதனால் பெரிய நட்டமில்லை. மூன்றும் சேர்ந்த விலை ஒன்றாக வந்தால் எங்கள் வாக்கு 5600, பி550 பக்கம். 5600 முழு வேகத்தில் இழுப்பது 76 வாட், 12400எஃப் 117 வாட் வரை போகலாம். நம் பக்கத்துச் சூட்டில் அது சின்ன விஷயமில்லை.

ரேம் 16 ஜிபி என்றால் ஒரே 16 ஜிபி துண்டு வேண்டாம், இரண்டு 8 ஜிபி எடுங்கள். ஒரு துண்டை மட்டும் போட்டால் மெமரியின் பாதை பாதியாகிறது. இந்த ஒரு பிழையால் இழக்கும் ஃபிரேம், இரண்டு புரொசசருக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட அதிகமாக இருக்கலாம். நான்கு இடமுள்ள போர்டில் புரொசசரிலிருந்து எண்ணினால் 2ஆம், 4ஆம் இடங்களில் பூட்ட வேண்டும். பிறகு பயோஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

கடைக்காரரின் ஐ7 கதைக்கு வருவோம். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் உள்ள வரிசை மட்டுமே. 2013இல் வந்த ஐ7-4770க்கும் 2022இல் வந்த ஐ3-12100எஃப்க்கும் 4 கோர், 8 திரெட் தான், ஆனால் கேமில் அந்த ஐ3 இந்த ஐ7ஐத் தூக்கிச் சாப்பிடும். இன்டெலின் இந்த வரிசையில் சிறுகோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் முன்பகுதியைப் பாருங்கள். 12400 என்றால் 12ஆம் தலைமுறை, 4770 என்றால் 4ஆம் தலைமுறை. கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை.

கேள்வி: ரைசன் 5 7600 எடுத்தால் பிறகு புரொசசரை மட்டும் மாற்றிக் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். டிடிஆர்5 ரேம் விலைதான் இடிக்கிறது. பொறுத்திருந்து அதையே எடுக்கலாமா?
— வாசகர், காத்தான்குடி

பதில்: 7600 பூட்டும் ஏஎம்5 சொக்கெட்டுக்கு (போர்டில் புரொசசர் உட்காரும் இடம்) 2027 வரையாவது புதிய புரொசசர் வரும் என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று 7600, மூன்று வருடம் கழித்து 7800எக்ஸ்3டி அல்லது அதற்குப் பிறகு வந்த ஒன்று என்று அதே போர்டில் மாற்றலாம். 5600 பூட்டும் ஏஎம்4 சொக்கெட் பக்கம் அந்த வழி முடிந்துவிட்டது. அதில் கேமுக்கு உச்சமான 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் கடைகளில் கிடைப்பதே அரிதாகி வருகிறது.

அப்படியிருந்தும், நீங்கள் உண்மையிலேயே புரொசசர் மாற்றுகிற ஆளா என்று யோசியுங்கள். ஒரு முறை பூட்டி ஆறு வருடம் தொடாமல் பாவிப்பவர் என்றால், ஏஎம்5க்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள், அது முதல் நாளிலேயே திரையில் தெரியும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் வலோரன்ட், சிஎஸ்2 மாதிரி வேகமான கேம் ஆடுபவர் என்றால் 7600க்காகப் பொறுத்திருப்பதில் நியாயம் உண்டு. அந்த வகைக் கேம்களில் படத்தரத்தைக் குறைத்துத்தான் ஆடுவார்கள், அப்போது புரொசசர்தான் பிந்தும்.

எக்ஸ்3டி என்பது புரொசசருக்குள் கேஷ் மெமரியை அடுக்கி வைத்த ரகம். 7600இல் எல்3 கேஷ் 32 எம்பி, 7800எக்ஸ்3டியில் 96 எம்பி. கேம் அடிக்கடி கேட்கும் தரவு ரேம் வரை போய்வராமல் பக்கத்திலேயே கிடைப்பதால்தான் அந்த வேகம். ஆனால் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 அளவு கார்டோடு அதைப் பூட்டுவது, மாட்டு வண்டியில் லொறி எஞ்சின் வைத்த மாதிரி.

ஏஎம்5 எடுப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்திருங்கள். முதன்முதலில் ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும். போர்ட் ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பழுது என்று நினைத்து இடையில் நிறுத்தாதீர்கள், பத்து நிமிடம் விடுங்கள். ரேமை மாற்றினாலும் பயோஸை அப்டேட் செய்தாலும் இது திரும்ப நடக்கும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது காசில்லை. 5600ஜி போட்டுவிட்டு அடுத்த வருடம் கார்ட் வாங்கலாமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வாங்கலாம், ஆனால் அதில் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். 5600ஜியின் உள் கிராபிக்ஸில் வலோரன்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 எல்லாம் படத்தரத்தைக் குறைத்தால் ஓடும். புதிய பெரிய கேம்கள் திணறும். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. அதனால் இங்கே இரண்டு துண்டு ரேம் கட்டாயம். 16 ஜிபிக்குக் குறையக்கூடாது.

பிறகு கார்ட் பூட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். 5600ஜியில் எல்3 கேஷ் 16 எம்பி, 5600இன் பாதி. பி550 போர்டில் போட்டாலும் பிசிஐஇ 3.0 தான் கிடைக்கும். இதனால் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டையும் இதோடு பூட்டவே வேண்டாம். அந்தக் கார்டுகளுக்கு நாலே நாலு பிசிஐஇ பாதைதான், அதுவும் 3.0 வேகத்துக்கு இறங்கினால் 4 ஜிபி மெமரி நிரம்பும் நேரத்தில் கேம் விக்கி விக்கி ஓடும். எட்டுப் பாதையுள்ள ஆர்எக்ஸ் 6600 என்றால் சமாளிக்கலாம். ஏஎம்5இல் 8500ஜியும் இதே மாதிரி ஒரு பொறி. அது வெளிக்கார்டுக்குக் கொடுப்பது நான்கு பாதை மட்டும். அந்த வரிசையில்தான் வேண்டுமென்றால் 8600ஜிக்குப் போங்கள்.

நான்கைந்து மாதம் பொறுக்க முடியுமென்றால், 5600ஐயும் கார்டையும் ஒன்றாக வாங்குவதுதான் எங்கள் பரிந்துரை.

கேள்வி: கே என்ற எழுத்துள்ள இன்டெல் புரொசசர் வாங்கி ஓவர்குளொக் செய்தால் (நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால்) இலாபமா?
— வாசகர், ஏறாவூர்

பதில்: இல்லை. அதற்கு இசட் வகைப் போர்ட், பெரிய கூலர், பெரிய பவர் சப்ளை எல்லாம் வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு படி மேலான கார்ட் வரும்.

கேள்வி: பாவித்த ஐ9-13900கே ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: நாங்கள் எடுக்க மாட்டோம். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புரொசசர்களில், குறிப்பாக ஐ7, ஐ9 கே ரகங்களில், தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிச் சிப் நாளடைவில் கெட்டுப்போகும் கோளாறு இருந்தது. 2024 ஓகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடையும் (சிப்பை இயக்கும் உள் நிரல்) செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்பதையும் இன்டெல் வெளியிட்டது. அவை பயோஸ் அப்டேட்டாக வரும், இனிமேல் கெடாமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைத் திருத்தாது. முதல் சொந்தக்காரர் அப்டேட் செய்யாமல் ஒரு வருடம் ஓட்டினாரா என்பதைச் சிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கெட்டதன் அடையாளம், கேம் தொடங்கும்போது ஷேடர் (படம் வரையும் சின்ன நிரல்கள்) தயாராகும் நேரத்தில் விழுந்துவிடுவது, கார்டில் மெமரி நிறைய இருந்தும் "வீடியோ மெமரி போதாது" என்று காட்டுவது. பெட்டியில் வந்தவற்றுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது, ஆனால் பில் இல்லாமல் கைமாறி வருவதற்கு அதை நம்ப முடியாது. 12ஆம் தலைமுறைக்கு இந்த நோய் கிடையாது. பாவித்தது எடுப்பதென்றால் அதிலிருந்து எடுங்கள்.

கேள்வி: மகன் கேம் விளையாடக் கொம்பியூட்டர் கேட்கிறான். 14 கோர் சியோன் புரொசசர், போர்ட், ரேம் சேர்த்து மலிவாகத் தருகிறார்கள். ஆறு கோரைவிடப் பதினான்கு நல்லதுதானே?
— ஒரு தாய், கல்முனை

பதில்: கேமுக்கு இல்லை, அம்மா. அநேகமாக அது இ5-2680 வி4 ஆக இருக்கும். 2016இல் சர்வருக்காக வந்த புரொசசர். எத்தனை கோர் இருந்தாலும் கேமின் முக்கியக் கணக்கு ஒன்றிரண்டு கோரில்தான் நடக்கும். அந்த ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. இதில் ஒரு கோர் உச்சமாக 3.3 கிகாஹேர்ட்ஸ், அதுவும் பழைய வடிவமைப்பு. வயலில் ஆள் நிறைய இருந்தாலும் உழவு இயந்திரத்தை ஒருவர்தான் ஓட்டலாம். வீடியோ எடிட்டிங்குக்கு என்றால் வேறு கதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் புரொசசர் பட்டியலில் இந்தச் சியோன் இல்லை. இன்டெலில் 8ஆம் தலைமுறையும் ரைசனில் 2000 வரிசையும்தான் பொதுவாகத் தொடக்கம். வலோரன்ட் விண்டோஸ் 11இல் ஓட டிபிஎம் 2.0, செக்கியுர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனாக இருக்க வேண்டும். அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் 4ஆம் தலைமுறைப் பெட்டிகளுக்கும் இதே பதில்தான். மகனுக்குப் புதிய ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5500 எடுத்துக்கொடுத்தாலே நன்றாக விளையாடுவான்.

கேள்வி: கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அறைக்குள் 34 பாகை. கூடவே வந்த கூலர் போதுமா? கேம் ஆடும்போது 5600 எண்பதைத் தாண்டுகிறது.
— வாசகர், வாழைச்சேனை

பதில்: அறை எத்தனை பாகை கூடுகிறதோ, புரொசசரும் ஏறத்தாழ அத்தனை பாகை கூடும். 24 பாகை ஏசி அறையில் 72 காட்டும் ஒன்று உங்கள் அறையில் 82 காட்டுவது கணக்குப்படி சரி. 5600க்கு எல்லை 90 பாகை, 7600க்கு 95, இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு 100. எல்லையைத் தொட்டால் எரிந்துவிடாது, வேகத்தைத் தானே குறைக்கும். எண்பதில் ஓடுவது பாதுகாப்பானதே. 88, 89 என்று நின்றால்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி கூலரை நான்கு ஸ்க்ரூவில் பூட்டும்போது ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் சாய்ந்துவிடும். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். இன்டெல் கூலரின் நான்கு கால்களும் போர்டின் பின்பக்கம் விரிந்து வந்திருக்க வேண்டும். ஒன்று வராவிட்டாலே சூடு ஏறும். அடியில் பேஸ்ட் ஏற்கெனவே பூசி வந்திருந்தால் மேலே இன்னும் பூசாதீர்கள். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள், மறப்பவர்கள் நிறையப் பேர்.

கழற்றுவதில்தான் ஏஎம்4 ஆட்களுக்குக் கண்டம். பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை நேரே இழுத்தால் புரொசசரும் சேர்ந்து சொக்கெட்டை விட்டு வந்துவிடும், ஊசிகள் வளைந்துபோகும். முதலில் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி, பேஸ்ட் இளகியது தெரிந்த பிறகு தூக்குங்கள்.

அதன் பிறகு பயோஸில் ஈக்கோ மோடைப் போட்டுப் பாருங்கள். வாட் குறையும், ஃபிரேம் அவ்வளவாகக் குறையாது. கேசிங்கின் முன்னால் காற்றை உள்ளிழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளித்தள்ள ஒன்று போதும். பக்கக் கதவைக் கழற்றி வைப்பது பலருக்குப் பழக்கம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அது வேண்டாம். உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து கனெக்டர்களைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. புரொசசர் பிழையா?
— வாசகர், ஆரையம்பதி

பதில்: புதிய புரொசசர் பழுதாக வருவது மிக அரிது. முதலில் மொனிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 5600, 12400எஃப் இரண்டிலும் போர்டின் எச்டிஎம்ஐ வேலை செய்யாது, கார்டில்தான் செருக வேண்டும். அடுத்து, போர்டின் மேல் மூலையில் புரொசசருக்கான 8 ஊசி பவர் கேபிள். 24 ஊசியை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டால் ஃபேன் சுற்றும், படம் வராது. பிறகு ஒரே ஒரு ரேமை 2ஆம் இடத்தில் போட்டுப் பாருங்கள். போர்டில் சிபியு (புரொசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்) என்று சின்ன விளக்குகள் இருந்தால் எதில் நிற்கிறதோ அங்கேதான் பிழை.

சிபியு விளக்கு நின்றால் பயோஸ் பழையதாக இருக்கலாம். பி450 போர்ட் பழைய இருப்பென்றால் 5600ஐத் தெரியாது. ஏஎம்5 பக்கத்து 9600எக்ஸை முதல் வருடத்து பி650 போர்டில் போட்டாலும் இதே கதை. பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டை எடுப்பது இதற்காகத்தான். யூஎஸ்பியை ஃபேட்32இல் ஃபோர்மட் செய்து, போர்ட் நிறுவனத்தின் தளத்தில் அந்த மொடலுக்கே உரிய பைலை இறக்கி, மெனுவல் சொல்லும் பெயரை அதற்கு வையுங்கள். குறித்த யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானைச் சில செக்கன் அழுத்தினால் விளக்கு மினுங்கும், நின்றதும் வேலை முடிந்தது. இடையில் கரண்ட் போனால் போர்ட் பாழாகக்கூடும். மழை இடிக்கிற நாளில் இதைச் செய்யாதீர்கள், செய்தால் யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: 650 விஏ யூபிஎஸ் இருக்கிறது. 5600உம் ஆர்எக்ஸ் 6600உம் தாங்குமா?
— வாசகர், பொத்துவில்

பதில்: விளிம்பில் நிற்கிறீர்கள். 650 விஏ என்றால் பொதுவாக 360 முதல் 390 வாட் வரைதான். புரொசசர் 76, கார்ட் 132, மிச்சச் சாமான்களுக்கு ஒரு 50 வைத்தால் 258 வாட். பவர் சப்ளையில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் சுவரில் 300, மொனிட்டரோடு 325. கரண்ட் போனதும் கேமைச் சேமித்து நிறுத்த நேரம் கிடைக்கும், பற்றரி பழசானால் அதுவும் கிடைக்காது. 1000 விஏ, 600 வாட் அளவு எடுங்கள். இதே இடத்தில் ஐ9-14900கே வைத்தால் அது மட்டும் 253 வாட் வரை இழுக்கும்.

சில மலிவான யூபிஎஸ்கள் பற்றரிக்கு மாறும் கணத்தில், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னை ஒழுங்காக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல பவர் சப்ளை அணைந்துவிடும். வாங்கிய அன்றே கேம் ஓடும்போது சுவிட்ச்சை நிறுத்திப் பாருங்கள். அணைந்தால் அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கொழும்பு யுனிட்டி பிளாசாவில் வாங்கி இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுவர வேண்டும். பூட்டியே கொண்டுவரலாமா?
— வாசகர், கல்லடி

பதில்: தனித்தனிப் பெட்டிகளாகக் கொண்டுவருவது நல்லது. கடையில் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவீர்கள் என்றால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வையுங்கள். கூடவே வந்த சின்னக் கூலர் இருந்துவிட்டுப் போகட்டும், உயரமான கூலர் என்றால் அதையும் கழற்றுங்கள். சின்னச் சாமானுக்காகக் கடையோடு சண்டை பிடிக்காவிட்டாலும், இன்டெல், ஏஎம்5 போர்டின் சொக்கெட்டை மூடும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை மட்டும் கட்டாயம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போர்டை வாரண்டிக்குக் கொடுக்கும்போது அந்த மூடி இல்லாவிட்டால் எடுக்க மறுக்கலாம். புரொசசர் பெட்டியிலா, ட்ரேயிலா (பெட்டியில்லாமல்) வருகிறது என்றும் கேளுங்கள். ட்ரே என்றால் கூலர் வராது, வாரண்டியும் கடை தருவது மட்டும்தான். பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.